மேல்சிகிச்சைக்கு அனுப்புவது சிகிச்சையாகுமா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து போகும் எவரும் அப்பிரதேசத்தில் ஏற்பட்டிருக்கும் மாறுதலைக் கண்டு வியக்காமல் இரார். ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனமும் புன்செய்க் காடுமாக இருந்த பூமி அது. அங்கே 1996-இல் ஹூண்டாய் கம்பெனி அஸ்திவாரமிட்டது; 1998-இல் முதல் மோட்டார் வண்டிகள் வெளிவந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று உலகச் சந்தைக்கு வேண்டிய சரக்குகள் இன்று இந்தச் சில மைல் வட்டாரத்திலிருந்து கப்பலேறுகின்றன. இது தேசத்தின் ஐசுவரியம். இதில் நாமும் பெருமை கொள்கிறோம். ஆனால் இந்த ஐசுவரியத்தை உண்டாக்கும் மனிதனுக்கு யந்திரத்திலோ, ரஸ்தாவிலோ, அன்றித் தன் நெஞ்சுக்குள்ளேயோ திடீரென்று ஆபத்து நேர்ந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் அவன் கதி என்ன என்ற கேள்வியை எழுப்புவது எமது கடமையாகிறது.

இக்கேள்விக்குப் பத்திரிகைச் செய்திகளில் ஒரு பதில் திரும்பத் திரும்ப வருகிறது. “முதலுதவிக்குப் பின் மேல்சிகிச்சைக்காக அனுப்பிவைக்கப்பட்டார்” என்பதே அது. சில சமயம் அதற்கடுத்த வாக்கியம், “வழியிலேயே உயிரிழந்தார்” என்றிருக்கும். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தூரம் செங்கற்பட்டு வரையிலோ, காஞ்சிபுரம் வரையிலோ, சென்னைக் கீழ்ப்பாக்கம் வரையிலோ இருக்கலாம். அனுப்புவது எப்பொழுதும் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. மண்டையைத் திறந்து அறுவை செய்ய வேண்டியவனைத் தாலுகா ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள எவரும் சொல்லமாட்டார். ஆயினும், என்ன நோய் என்று நிர்ணயம் செய்யாமலும், உயிரை நிறுத்திவைக்கும் காரியங்களைச் செய்யாமலும், ஒரு சீட்டெழுதி வண்டியிலேற்றுவது சிகிச்சையாகாது. அது பொறுப்பைக் கைமாற்றுவதேயாகும்.

ஏன் முதல் மணி நேரத்தை இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதை நேயர்கள் அறிய வேண்டும். வளர்ந்த மனிதன் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தொடை எலும்பு ஒன்று முறிந்தால் தோல் கிழியாமலேயே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே கசிந்துவிடக்கூடும்; இடுப்பெலும்பு நொறுங்கினால் அதைவிட அதிகம். வெளியே ரத்தம் காணாததால் “பெரிய காயமில்லை” என்று உடனிருப்போர் நினைப்பார்கள். நாடி விரைந்து துடிப்பதும், கைகால் சில்லிட்டு வியர்ப்பதும், பேச்சுக் குழறுவதுமே உண்மையைச் சொல்லும் சாட்சிகள். இவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும். 2010-இல் 40 தேசங்களில் 20,000-க்கு மேற்பட்ட காயம்பட்டவர்களிடம் நடத்திய பெரிய பரிசோதனையில், டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்து, ரத்தப்போக்கால் நேரும் மரணத்தைக் குறைக்கிறதென்று நிரூபிக்கப்பட்டது. ஆனால் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது பலன் தரும். அந்த மூன்று மணி நேரம் வாகன நெரிசலில் கழிந்துவிட்டால், மருந்து எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்?

தலைக்காயம் இன்னும் வஞ்சகமானது. இரும்புச் சட்டம் தலையில் விழுந்து மயங்கியவன் சில நிமிஷங்களில் கண் விழிக்கிறான். தேநீர் கேட்டுக் குடிக்கிறான். “ஒன்றுமில்லை, அறைக்குப் போய்ப் படுக்கிறேன்” என்கிறான். கபாலத்துக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லத் தேங்கிக்கொண்டிருப்பது அவனுக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல், பின்னர் மரணம். அவனைப் படுக்க விடாமல் கண்காணித்து, ஸி.டி. படம் எடுத்து, நேரத்தில் அறுவைக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவன் அவன். வெளிமாநிலத்திலிருந்து வந்து எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கும் தொழிலாளி இரவில் தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்று பார்ப்பவர் யார்?

நெஞ்சு வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களில் பெரும்பாலோர் அதை வாயு என்று சொல்லிச் சோடா குடிப்பார்கள். தொழிற்சாலை மருந்து அறையிலும் வாயு மாத்திரை ஒன்று கிடைத்துவிடும். வந்த 10 நிமிஷத்துக்குள் இருதயத்தின் மின்பதிவை எடுத்துப் பார்ப்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. ரத்தக்குழாய் அடைத்திருந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் ஆஸ்பத்திரியிலேயே செலுத்திவிட்டுப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இது ஏதோ அமெரிக்காவில் நடக்கும் காரியமன்று. கோயம்புத்தூர் இருதய வைத்தியர் தாமஸ் அலெக்ஸாந்தர் முதலானோர் நம் மாகாணத்திலேயே, சிற்றாஸ்பத்திரிகளைச் சக்கரத்தின் ஆரங்களாகவும், பெரிய ஆஸ்பத்திரியைக் குடமாகவும் இணைத்து நடத்திய திட்டத்தின் பலன் 2017-இல் உலக வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. நம் வீட்டில் விளைந்த இந்த வித்தையை அவசரப் பிரிவுகள் யாவும் கைக்கொள்ள வேண்டாமா?

இவ்விடத்தில் பாம்புக்கடியைச் சொன்னால் சில நேயர்கள் நகைக்கக்கூடும். மோட்டார் தொழிற்சாலைக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். ஏரியையும் புதரையும் மண்ணிட்டு நிரப்பிய இடத்தில் பாம்பு எங்கே போகும்? இரவு முறை முடிந்து குறுக்குப் பாதையில் நடந்து வருபவன் காலில் அது கடிக்கிறது. கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்த்தால், விரியனின் விஷம் ஏறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். செலவு ஒரு குழாயும் ஒரு கடிகாரமுமே. நாகமும் கட்டுவிரியனும் ரத்தத்தைக் கெடுக்காமல் மூச்சை அடக்குபவை. அங்கே இமை சரிவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்று மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தை, 1978 முதல் மாமல்லபுரத்துக்கருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகின்றனர். அதே செங்கற்பட்டுச் சீமையில் எடுத்த விஷத்தால் தேசமெங்கும் உயிர் பிழைக்கிறது. அதே சீமையில் கடிபட்டவன் மருந்தில்லாத வாயிலிலிருந்து வேறு வாயிலுக்கு அலைய நேர்ந்தால் அதைவிட வெட்கம் வேறில்லை. 2024-இல் தமிழ்நாடு சர்க்கார் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது சரியான காரியம்.

அச்சு யந்திரத்தில் விரல் போவது இந்த வட்டாரத்துக்கே உரிய துயரம். துண்டான விரலை நேரே பனிக்கட்டியில் போட்டு எடுத்து வருகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சதை செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். இதை அறிய வைத்தியக் கல்லூரியில் படிக்க வேண்டியதில்லை. முறைக்கு ஒரு தொழிலாளிக்குக் கற்பித்தால் போதும். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கைச் சிகிச்சைப் பிரிவு கீர்த்தி பெற்றது. ஆனால் அது நகரின் வட கோடியில் இருக்கிறது; விரல் அறும் இடமோ தென்மேற்கே நெடுந்தூரத்தில் இருக்கிறது.

நிற்க. சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று பழிப்பது எமது நோக்கமன்று. 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. ‘தாய்’ என்று சுருக்கமாக வழங்கும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின்படி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கும் முறை வந்திருக்கிறது. இந்தத் தரம் பிரித்தலை முதலில் ஒழுங்காக நடத்தியவர் நெப்போலியன் சேனையிலிருந்த லார்ரே என்னும் ரண வைத்தியர். பதவியைப் பாராமல் காயத்தைப் பார்த்து முன்பின் வகுக்க வேண்டுமென்பது அவர் விதி. மானேஜருக்கு ஒரு வாயில், ஒப்பந்தக் கூலிக்கு ஒரு வாயில் என்ற வழக்கத்துக்கு அந்த விதியில் இடமில்லை.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் ரஸ்தா விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவைச் சர்க்கார் ஏற்கும். தொடக்கத்தில் அதற்கு விதித்த வரம்பு ரூ. 1 லட்சம். 600-க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள், தனியார் உள்பட, இதில் சேர்ந்தன. மத்திய சர்க்காரும் 2025 மே மாதம், 7 நாட்களுக்கு ரூ. 1½ லட்சம் வரையில் பணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை வெளியிட்டது. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 ரஸ்தா விபத்துக்கள் நிகழ்ந்து 17,884 பேர் மாண்ட நிலையில் இவை பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே லாரி மோதினால் தொழிலாளிக்கு இத்திட்டங்களின் நிழல் உண்டு. வாயிலுக்கு உள்ளே யந்திரம் நசுக்கினால் இல்லை. உள்ளே நேருவது இ.எஸ்.ஐ. சம்பந்தப்பட்ட விஷயம் என்பார்கள். 1944-இல் பேராசிரியர் அதார்க்கர் தயாரித்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு 1948-இல் இயற்றிய அந்தச் சட்டம், சுதந்திர இந்தியா தன் தொழிலாளிக்குக் கொடுத்த முதல் வாக்குறுதிகளில் ஒன்று. அதை நாம் மதிக்கிறோம். எனினும் 2017 முதல் அதன் சம்பள வரம்பு மாதம் ரூ. 21,000. சம்பளம் சிறிது உயர்ந்தவனும், பயிலுநர் என்ற பெயரில் யந்திரத்தருகே நிறுத்தப்பட்ட இளைஞனும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். 1961-ஆம் வருஷத்துப் பயிலுநர் சட்டத்தின் கீழ் சேர்ந்தவனுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, யந்திரம் மட்டும் அவனைப் பயிலுநன் என்று அறிந்து பற்களை அடக்கிக்கொள்வதில்லை.

விபத்தை வெளியே தெரியாமல் மறைக்கும் பொருட்டு, 108-ஐக் கூப்பிடாமல் காண்டிராக்டரின் வண்டியிலேயே பழக்கமான சிறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகத் தொழிற்சங்கத்தார் கூறும் புகாரும் உண்டு. அது எங்கே உண்மையாயினும், அங்கே கணக்கு மறைவதோடு நேரமும் கைநழுவிப் போகிறது.

இவ்வட்டாரத்தின் சமீப சரித்திரமே போதிய எச்சரிக்கையாகும். 2010 அக்டோபர் கடைசியில், பின்னர் 2014-இல் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையில், ஓர் இளம் பெண் தொழிலாளி யந்திரத்தில் அகப்பட்டு மரணமடைந்தார். அவரை விடுவிப்பதில் தாமதம் நேர்ந்ததென்று உடன் வேலை செய்தோர் முறையிட்டனர். யந்திரத்தை உடைத்தாவது மனிதனை எடுக்க உத்தரவிடும் அதிகாரம் அந்த நிமிஷத்தில் யாருக்கு இருக்கிறது? இது வைத்தியக் கேள்வியன்று. ஆனால் வைத்தியம் தொடங்குவதே இந்தக் கேள்வியின் விடையில்தான்.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் கம்பெனியின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கில் நீரிழந்தவர்களை மீட்பது வைத்தியத்தில் மிக எளிய காரியங்களில் ஒன்று. ஆனால் யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் தோழிகளுக்குக் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அம்மாதம் 17-ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் ராஜபாட்டையில் அமர்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம்’ தொடங்கிய அதே தினம் அது. பலர் ஒரே நேரத்தில் நோயுறும்போது அவர்களை எண்ணி, தரம் பிரித்து, பெயர் எழுதி, உறவினருக்குத் தெரிவிப்பதும் அவசர சிகிச்சையின் அங்கமே. அந்த ஒரு பட்டியல் இருந்திருந்தால் ரஸ்தா மறிக்கப்பட்டிராது என்றே கருதுகிறோம்.

சட்டத்தில் குறை என்று சொல்ல இடமில்லை. மோட்டார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை அருகிலிருந்த ஆஸ்பத்திரி ஏற்க மறுத்து, போலீஸ் வழக்குகளை ஏற்கும் ஆஸ்பத்திரி 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறதென்று அனுப்பியது; அவர் வழியிலேயே இறந்தார். இந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். 1989-இல் கோர்ட் சொன்ன தீர்ப்பு தெளிவானது. சர்க்கார் வைத்தியராயினும் தனியாராயினும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். போலீஸ் சம்பிரதாயம் பிறகே. 1996-இல் வங்காளத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் விஷயத்தில், படுக்கையில்லை, பணமில்லை என்ற சாக்குக்கள் அரசியல் சட்டத்தின் முன் செல்லா என்றும் அதே கோர்ட் கூறியது. அடிபட்டவனைத் தூக்கிவந்தவரைப் போலீஸ் தொந்தரவு செய்யலாகாதென்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தாயிற்று. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வைத்திய அறை இருக்க வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பும் அவ்விதியைக் காக்கிறது. ஆனால் அந்த அறையில் இரவு 2 மணிக்கு யார் இருக்கிறார், மின்பதிவுக் கருவி உண்டா, அதைப் படிப்பவர் உண்டா என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

இங்கே நாம் ஒரு பழைய உதாரணத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் கப்பற் கால்வாய் வெட்டும் வேலைக்கு 1888-இல் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் இளம் ரண வைத்தியர் நியமிக்கப்பட்டார். 36 மைல் நீளமுள்ள வேலை. பள்ளம் சரிவதும் வண்டி கவிழ்வதும் நித்திய சம்பவங்கள். ஜோன்ஸ் பெரிய மாளிகை எதையும் கேட்கவில்லை. கால்வாயை ஒட்டி மூன்று ஆஸ்பத்திரிகள், அவற்றுக்கு நடுவே இடைவிடாத முதலுதவி நிலையங்கள், எல்லாவற்றையும் இணைக்க வேலைக்காகவே போட்ட ரயில் பாதை: இவ்வளவே அவர் ஏற்பாடு. அடிபட்டவனை எந்த நிலையத்தில் யார் ஏற்பார், எங்கே அனுப்புவார், அங்கே யார் காத்திருப்பார் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. விக்டோரியா ராணி காலத்து முதலாளி மண் வெட்டும் கூலிக்குச் செய்ததை, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை அதைவிடக் குறைந்த தூரத்தில், நாம் நம் மக்களுக்குச் செய்துகொள்ள முடியாதா?

முடியாதென்பவர்கள் இரண்டு காரணம் சொல்லுவார்கள். முதலாவது, அவசர வைத்தியத்தில் தேர்ந்த டாக்டர்கள் இல்லை என்பது. இந்தியாவில் அதைத் தனிச் சாஸ்திரமாக 2009-இல்தான் அங்கீகரித்தார்கள் என்பது மெய். ஆனால் தமிழ்நாட்டில் வைத்தியக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த ராஜபாட்டையோரத்திலேயே தனியார் கல்லூரி உண்டு. பயிலும் டாக்டர்களை முறைவைத்து இவ்வட்டாரத்துக்கு அனுப்பினால் அவர்களுக்கும் வித்தை வளரும். இரண்டாவது, செலவு. வெளிநாட்டு முதலாளிக்கு நிலமும், மின்சாரமும், வரிச் சலுகையும் தருகிற உடன்படிக்கையில் வைத்திய ஏற்பாட்டுக்கு ஒரு பத்தி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே காலியான வைத்திய அறை ஒன்றை வைத்திருப்பதைவிட, பல கம்பெனிகள் கூடி, இரவு பகல் டாக்டர் உள்ள ஒரு நிலையத்தைப் போஷிப்பது சிக்கனமுங்கூட.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கென 100 படுக்கை கொண்ட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்து அடிக்கல்லும் நாட்டியது. படுக்கைகளின் எண்ணிக்கையைவிட அதன் அவசரப் பிரிவு எப்படி அமையப் போகிறதென்பதே எமக்கு முக்கியம். இ.எஸ்.ஐ. சீட்டு உள்ளவனுக்கு மட்டுமே அந்த வாயில் திறக்குமா, பயிலுநனுக்கும் பெருக்குபவளுக்கும் லாரி டிரைவருக்கும் திறக்குமா? ரத்தம் சேமித்துவைக்கும் வசதியும், ஸி.டி. யந்திரமும் முதல் நாளிலிருந்தே இருக்குமா? ஒடியாவும் வங்காளியும் ஹிந்தியும் பேசுகிறவன் “இங்கே வலிக்கிறது” என்று சொன்னால் புரிந்துகொள்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பாரா? வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. உடனிருந்து மருந்தைச் செலுத்துபவன் என்ற நான்காவது அங்கத்தைத்தான் மறந்துவிடுகிறோம். ஊரும் உறவும் விட்டு வந்த தொழிலாளிக்கு அந்த நான்காமவனைச் சமூகமே நியமிக்க வேண்டும்.

தொழிலாளர் சங்கங்களும் கூலியுயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்க்க வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். முறைக்கு எத்தனை பேர் முதலுதவி கற்றவர், நெஞ்சை அமுக்கி உயிரூட்டத் தெரிந்தவர் எத்தனை பேர், யந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பவை ஒப்பந்தத்தில் எழுத்து மூலம் வரட்டும்.

சர்க்காரிடம் நாம் இப்பொழுது கேட்பது புதிய கட்டடமன்று, ஒரு கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அவசரப் பிரிவுகளுக்கு மாதந்தோறும் எத்தனை பேர் வந்தார்கள். நெஞ்சு வலியென்று வந்தவருக்கு எத்தனையாவது நிமிஷத்தில் மின்பதிவு எடுத்தார்கள். எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள், எங்கே, என்ன காரணத்தால். புறப்படு முன் அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார்களா. வழியில் இறந்தவர் எத்தனை பேர். அவர்களில் தொழிற்சாலைக்குள் அடிபட்டவர் எத்தனை பேர். 108-இன் பதிவேட்டிலும் ஆஸ்பத்திரிப் புத்தகங்களிலும் இதில் பெரும்பகுதி இருந்தாக வேண்டும். தொகுத்து அச்சிடுவதே வேலை. சுகாதார இலாகாவும் தொழிற் பாதுகாப்பு இலாகாவும் சேர்ந்து இதை வெளியிடும்படி இவ்வட்டாரத்துச் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி கொடுப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.